வழியைச் சுவரில் எழுதுங்கள்!

காலை ஏழு மணிக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள்.

தோளில் பை. கையில் சாப்பாட்டு டப்பா. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறார்கள். காஞ்சீபுரம் பஸ்சுக்கும் செங்கல்பட்டு பஸ்சுக்கும் காத்து நிற்கிறார்கள். அத்தனை பேரும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்!

சாலவாக்கம், மானாம்பதி, திருப்புலிவனம் என்று சுற்று வட்டாரத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். தாத்தா ஏர் பிடித்தார். அப்பா நாற்று நட்டார். பிள்ளை பட்டம் படிக்கிறது. இதைவிட மகிழ்ச்சியான காட்சி உண்டா?

அந்தப் பிள்ளைகளில் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள்.

"என்ன படிக்கிறாய், அம்மா?"

"பி.எஸ்சி. இயற்பியல்."

பெரியவர்கள் காலத்தில் பௌதிகம் என்றார்களே, அந்தப் படிப்புதான்.

"படித்து முடித்த பிறகு?"

பதில் வராது. சிரிப்புதான் வரும். "தெரியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட்டுச் சிரிக்கும் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

கல்லில் எழுதிய ஊர்

உத்திரமேரூர் சாதாரண ஊர் அல்ல. உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர்!

இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அவற்றில் விவரமாக எழுதியிருக்கிறார்கள்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறு பையனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். குடவோலை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

யார் நிற்கலாம்? வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். யார் நிற்கக் கூடாது? முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது!

அந்த விதிகள் எல்லோருக்கும் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலம் இல்லாதவர்களுக்கு இடம் இல்லை. மறை ஓதாதவர்களுக்கு இடம் இல்லை. பெண்களுக்கும் இடம் இல்லை. அது அந்தக் காலத்தின் குறை.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விதியை மறைத்து வைக்கவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் சுவரில் எழுதி வைத்தார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஏழை போகலாம். பெண் போகலாம். எந்தச் சாதியும் போகலாம். ஆனால் கதவு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் திறக்கும், எப்போது மூடும் என்பது சுவரில் இல்லை! ஆங்கிலத்தில், யாரோ சிலருக்கு மட்டும் தெரிந்த இடத்தில் கிடக்கிறது.

அக்டோபரில் மூடிய கதவு

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட பெண்கள் பலர்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல். இல்லாவிட்டால் கூலி வேலை. பெண் நன்றாகப் படிக்கிறாள். இயற்பியல் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் முதல் மார்க்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு 'ஜாம்' என்று பெயர். 2004-ம் ஆண்டு முதல் நடக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மார்க். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இந்தத் தேர்வைக் கொண்டு சேரலாம். பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்களே எழுதலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் விண்ணப்பக் கட்டணம் குறைவு.

தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும்.

நம் பெண்ணுக்கு இது எப்போது தெரிகிறது? நவம்பரில்! அதுவும் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் சொல்லி!

"அதனால் என்ன? அடுத்த வருஷம் எழுதட்டும்" என்று சொல்லலாம். வீடு ஒரு வருஷம் காத்திருக்குமா? ஒரகடம் தொழிற்சாலை பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு பக்கம் கல்யாணப் பேச்சு. பெண் பஸ் ஏறிவிடுகிறாள்.

தொழிற்சாலை வேலை கேவலமா? இல்லை. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் எல்லா வழியையும் தெரிந்துகொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு. மற்ற வழி இருப்பதே தெரியாமல் போவது வேறு.

அந்தப் பெண்ணிடம் அறிவு இருந்தது. உழைப்பு இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. சரியான மாதத்தில் சரியான வார்த்தை சொல்ல ஒரு ஆள்!

மேதைகளுக்கும் வழிகாட்டி

"கெட்டிக்காரப் பிள்ளை தானாகவே முன்னுக்கு வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா?

சர் சி.வி.ராமன் கதையைக் கேளுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1907-ல் எம்.ஏ. தேறினார். மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. அப்படிப்பட்டவருக்கும் அன்று இந்தியாவில் விஞ்ஞான உத்தியோகம் இல்லை. கணக்குத் துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரியாகப் போனார்.

அங்கே ஒரு நாள் டிராமில் போகும்போது ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். பவ்பஜார் தெருவில், விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்ற பலகை! இறங்கிப் போனார். பகலில் கணக்கு வேலை, காலையும் மாலையும் அந்தச் சங்கத்தில் ஆராய்ச்சி என்று பல ஆண்டுகள் உழைத்தார். 1917-ல் அரசாங்க வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு!

ஒரு பலகை கண்ணில் பட்டது. அது என்ன வேலை செய்தது பார்த்தீர்களா?

ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். அவரும் மாநிலக் கல்லூரி மாணவர். 1928-ல் ஜெர்மனியின் பெரிய விஞ்ஞானி சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். சந்திரசேகருக்கு அப்போது ஏறக்குறைய 18 வயது. சோமர்பெல்டு எழுதிய அணுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். தைரியமாக ஓட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார்.

சோமர்பெல்டு பாராட்டி அனுப்பிவிடவில்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள பௌதிகம் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் கொள்கை வந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அச்சில் இருந்த தம் புதிய கட்டுரையின் தாள்களையும் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்தார். அடுத்த ஆண்டே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி ஏட்டில் வந்தது. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

சில நிமிடப் பேச்சு, சில தாள்கள். ஒரு வாழ்க்கைக்குத் திசை கிடைத்துவிட்டது.

சொல்ல ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. கணித மேதை ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டார். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. பிறகு வேலை தேடி அலைந்தார். ராமானுஜனுக்கே அந்த கதி என்றால், நம் வீட்டுப் பிள்ளை எம்மாத்திரம்?

சாப்பாட்டு நேரத்துச் சபை

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டுமா? லட்சம் லட்சமாகப் பணம் வேண்டுமா? வேண்டாம்!

கே.எஸ்.கிருஷ்ணன் என்று ஒரு விஞ்ஞானி. 1898-ல் பிறந்தவர். வத்திராயிருப்பு ஊர்க்காரர். ராமனோடு சேர்ந்து உழைத்தவர். டெல்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குனர் ஆனவர்.

கல்கத்தா போவதற்கு முன் அவர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன வேலையில் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவார். பௌதிகமா, ரசாயனமா, கணக்கா? எதை வேண்டுமானாலும் கேட்கலாம். செய்தி பரவியது. பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து கூடினார்கள்.

உத்தரவு இல்லை. திட்டம் இல்லை. ஒரு மணி நேரமும் ஒரு நல்ல மனசும் மட்டுமே!

சென்னை தரமணியில் கணித விஞ்ஞானக் கழகம் இருக்கிறதே, அதன் வேர் எங்கே தெரியுமா? பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிப் பௌதிகம் பேசினார். அந்தக் கூட்டம்தான் 1962 ஜனவரி 3-ந் தேதி ஆராய்ச்சிக் கழகமாக மலர்ந்தது.

எந்த ஆண்டில் என்ன?

பெற்றோர்களே! "இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலை ஒன்றுதானே?" என்று கேட்கிறீர்கள். வாத்தியார் வேலை நல்ல வேலை. பி.எஸ்சி.யோடு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஒரு வழி. எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வழி. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை.

காஞ்சீபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நோயாளிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருவது டாக்டர். எவ்வளவு கதிர், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவது யார்? மருத்துவ இயற்பியலாளர்! கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும் இடம் எதுவும் அவர் இல்லாமல் நடக்கக் கூடாது. இயற்பியல் படித்து, அதற்குரிய மேல்படிப்பு முடித்தவர்தான் அந்த வேலைக்கு வர முடியும்.

கல்பாக்கம் ஒன்றும் தூர தேசம் அல்ல. அங்கே 1971-ல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அணுசக்தித் துறை பி.எஸ்சி. படித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுப்பது உண்டு. அதற்கு 60 சதவீத மார்க் கேட்பார்கள். துணைப் பாடம் என்ன, வயது என்ன என்றும் பார்ப்பார்கள். வானிலைத் துறையில் விஞ்ஞான உதவியாளர் வேலைக்கும் இயற்பியல் படித்தவர்கள் போகலாம்.

ஆராய்ச்சிக்குப் போனால் வீட்டுக்குப் பாரம் என்று பயப்படுகிறீர்களா? 'நெட்' தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 முதல் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். படித்துக்கொண்டே வாங்கும் பணம் அது!

ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பருவம் உண்டு. நாற்று விடும் மாதத்தில் நாற்று விட வேண்டும். தை மாதத்தில் விட்டால் ஆடியில் விட்டதாகுமா?

முதல் ஆண்டு, அஸ்திவாரம். இயற்பியலில் தடுக்கி விழுகிற பிள்ளைகளில் பலர் விழுவது இயற்பியலில் அல்ல, கணக்கில்தான்! வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் புரியாவிட்டால் மேலே எதுவும் ஓடாது. தமிழில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் புதிது. முதல் ஆறு மாதத்திலேயே இதைக் கவனித்து உதவ வேண்டும். அரியர் சேர்ந்த பிறகு அழுது பயன் இல்லை.

இரண்டாம் ஆண்டு, சுற்றிப் பார்க்கும் காலம். ஆய்வுக்கூடம், ஆராய்ச்சி நிலையம், மருத்துவமனை என்று நேரில் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் விஞ்ஞானிகளோடு வேலை பார்க்க விஞ்ஞான அகாடமிகள் உதவித்தொகை தருகின்றன. அதற்கு முந்திய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு, தேதிகளின் காலம். 'ஜாம்' தேர்வுக்குச் செப்டம்பர். மற்ற நுழைவுத் தேர்வுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். சான்றிதழில் கவனம் தேவை. மாநில அரசின் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது! பிற்படுத்தப்பட்ட வகுப்பார் மத்திய அரசு இடங்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதையும் புதிதாக வாங்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் இடம் இழந்தால் வயிறு எரியாதா?

தமிழ் வழியில் படித்தவர்களும் மனம் தளர வேண்டாம். தமிழக அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் என்று 2010-ல் சட்டம் வந்தது. அதற்கும் சான்று வேண்டும். அதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

கல்லூரிகளுக்குச் சொல்கிறோம். ஒவ்வொரு இயற்பியல் துறையிலும் ஒரு ஆசிரியர் வழிகாட்டியாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கதவு திறந்திருக்கட்டும். வந்தால் பார்க்கலாம் என்று இருந்தால் வெட்கப்படும் பிள்ளை வராது. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு மாணவரையும் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும்.

பேசும்போது உண்மையைப் பேச வேண்டும். "நீ ஆராய்ச்சிக்குப் போகலாம்" என்று ஒருவரிடம் சொல்வது வழிகாட்டல். "உனக்கு இதில் மனம் இல்லை, வேறு துறையைப் பார்" என்று இன்னொருவரிடம் அன்பாகச் சொல்வதும் வழிகாட்டல்தான். எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

ஆசிரியர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியும். பாடம் நடத்த வேண்டும். விடைத்தாள் திருத்த வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். பல கல்லூரிகளில் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்கள் தலையில் இன்னும் ஒரு வேலையைச் சும்மா ஏற்றுவது நியாயம் அல்ல. ஆகவே அரசாங்கம் இந்த ஒரு மணி நேரத்தையும் பாட நேரமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல வேலைக்கு நேரம் கொடுக்காமல் நல்ல வேலை நடக்காது.

தமிழக அரசு 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டமும் வந்தது. மாணவர்களுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. பாராட்டுகிறோம். பணம் பஸ்சில் ஏற்றிவிடும். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று சொல்ல மனிதர் வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறது. அது விண்ணப்பக் காலம்! அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, எந்தப் படிப்புக்கு எந்தத் தேதி என்று அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து வாசியுங்கள். ஊரில் படித்து வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை பொங்கலுக்கு வந்தால், நூலகத்தில் உட்காரவைத்துத் தம்பி தங்கைகளோடு பேசச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது? அடுத்த விண்ணப்பம் எந்தத் தேதி? உனக்கு யோசனை சொல்லும் ஆசிரியர் யார்?" மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், மறுநாளே கல்லூரிக்குப் போங்கள். வேட்டியோடு போங்கள். அழுக்குச் சேலையோடு போங்கள். வெட்கப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைக்காகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு!

கடைசியாக, அந்தச் சுவர்.

ஒவ்வொரு துறை வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், இந்த மாதம் என்ன விண்ணப்பம், கடைசி நாள் எது, யாரைப் பார்ப்பது என்று எழுதுங்கள். ஒரு டப்பா சாயமும் ஒரு தூரிகையும் போதும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உளியால் கல்லில் எழுதிய ஊர் இது. சாக்பீசால் பலகையில் எழுத முடியாதா?

எழுதுங்கள்! அடுத்த செப்டம்பரில் சாலவாக்கத்துப் பெண் அதைப் படிக்கட்டும்.